ஒரே கோட்டில் அடித்த எண்

கண்ணு,

நீ ரயில் ஏறிய அன்று சாயங்காலம் அடுப்பில் பால் தீய்ந்துபோனது. நான் அடுப்புக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உன் அப்பா தெருவிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு, "வூடே நாறுது, உனக்கு மூக்கு இருக்குதா இல்லியா?" என்றார். இருக்கிறது, மூக்குத்தி போட்டுக்கொள்ள. வாடை தெரியாமல் போய்ப் பல மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லவில்லை. தோல் பதனிடும் ஷெட்டுகளின் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற இடத்தில், அந்த லேப் நாற்காலியில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்ததற்கு இதோடு விட்டதே பெரிசு என்றார் டாக்டர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் நேற்று அந்தத் தீய்ந்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை உனக்கு எழுதியே ஆக வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். போனில் சொல்லலாம்தான். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் பாதியில் பயந்து, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். பதினொரு வருடமாக அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. பக்கங்களைப் படம் பிடித்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். காகிதம் வேறொருத்தியின் கைக்குப் போகும். அவள் யார் என்று போகப்போகத் தெரியும். நம் வீட்டு விஷயத்தை அம்மா ஊருக்குப் படிக்கக் கொடுத்துவிட்டாளே என்று கோபம் வந்தால் கோபப்படு. மூடி வைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிடும்போது அப்பா உன்னைக் கேட்டாரே, "அப்டி இன்னாதான்டா வேலை உனக்கு?" என்று. நீ தட்டில் சோற்றைக் குவித்து ஒரு பக்கம் வளைவாக வரப்பு கட்டி, வரப்புக்கு வெளியே ரசத்தை ஊற்றினாய். சோற்றுக்குவியல்தான் பூமி, வரப்பு அதன் காந்தப் புலம். ரசம், சூரியனிலிருந்து ஓயாமல் வீசிக்கொண்டிருக்கும் காற்று. நாம் மூச்சு விடுகிற காற்று இல்லை. அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்துபோய் மின்சாரம் ஏறிய வாயு, பிளாஸ்மா என்று பெயர். அது நேராகப் பூமியின் மேல் வந்து விழாமல் காந்தப் புலம் தடுத்து ஒதுக்கிவிடுகிறது. அப்படித் தடுக்கிற இடத்தில் ஓர் எல்லை. சூரியனைப் பார்த்த பக்கத்தில் அது சாதாரண நாளில் அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்குமாம். உங்கள் செயற்கைக்கோள் அந்த எல்லைப் பக்கம் போய்ப் போய் வருகிறது. அதில் உள்ள கருவி சில வினாடிகளுக்கு ஒரு தரம், அந்த இடத்தில் பிளாஸ்மா எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு சூடு என்று அளந்து கீழே அனுப்புகிறது. எல்லைக்கு உள்ளே இருந்தால் அடர்த்தி குறைவு, சூடு அதிகம். வெளியே போய்விட்டால் அடர்த்தி சட்டென்று ஏறும், சூடு இறங்கும். இதை வைத்து வேலிக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று கண்டுபிடிக்கிறீர்கள். எனக்கு நன்றாகவே புரிந்தது. நானும் ஒரு குழியின் விளிம்பில் நின்று அளவு எடுத்தவள்தானே.

"ஆனா அந்த எல்லை ஒரு எடத்துல நிக்காதும்மா," என்றாய். "சூரியக் காத்து வேகமா அடிச்சா உள்ள வரும், கம்மியானா வெளிய போய்டும். சேட்டிலைட் அது பாட்டுக்கு மெதுவா போய்ட்டிருக்கும். எல்லை வந்து அதும்மேல ஏறிட்டுப் போகும்."

"அப்ப எல்லையம்மா கோயிலு தெனம் ஒரு எடத்துல இருக்குதுன்னு சொல்லு," என்றார் அப்பா. மூன்று பேரும் சிரித்தோம். நீதான் முதலில் நிறுத்தினாய். டிவிக்கும் போனுக்கும் மழை பார்க்கவும் மனிதர்கள் விட்டு வைத்திருக்கிற செயற்கைக்கோள்கள் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரில் நிற்கின்றன, சில நாட்களில் எல்லை அதையும் தாண்டி உள்ளே வந்துவிடுகிறது, அப்போது அவை மேலே துணி இல்லாமல் வெயிலில் நிற்கிற மாதிரி நிற்கும் என்றாய். எல்லை எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று முன்கூட்டியே சொல்கிற ஒரு கணக்கைத்தான் உன் குழு தயார் செய்கிறது, அதை நம்பித்தான் நாளைக்கு அந்தச் செயற்கைக்கோள்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் முடிவு எடுப்பார்கள் என்றாய். பிறகு, கேட்காமலே, "ஒம்போது எடத்துல மட்டும் ஒரு பேஜார்ம்மா," என்றாய். எல்லை வரவே கூடாத ஆழத்தில், ஒரே ஒரு அளவு மட்டும் திடீரென்று ஏறுகிறது. அடுத்த அளவு பழையபடி இறங்கிவிடுகிறது. கருவிக்குள் வெயில் புகுந்தால் இப்படிக் காட்டும், கோளாறுதான், தள்ளிவிடு என்கிறார் உன் சார்.

"நீ இன்னா நெனைக்கறே?" என்று கேட்டேன்.

"காந்தத்த அளக்கற இன்னொரு கருவி இருக்குதும்மா. அதுவும் அதே நேரத்துல லேசா ஆடுது," என்றாய். உடனே அப்பளம் கேட்டாய். அந்தப் பேச்சு அங்கே முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அரை மணி நேரம் கழித்து நான் பின்னால் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ மாடிப்படியில் நின்று உன் தோஸ்த் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாய். "ஒவ்வொரு பத்துலயும் மேல ஒண்ணு கீழ ஒண்ணு தள்ளிட்டு ஆவரேஜ் எடுத்துட்றேன்டா. கிராப் சுத்தமாய்டும். திங்கக்கெழமை பேப்பர அனுப்பிட்லாம். எங்கம்மா அவங்க லேப்ல இருவது வருசமா அதான் பண்ணாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாய். பெருமையாகத்தான் சிரித்தாய், எனக்குத் தெரியும். பிழிந்த வேட்டி என் கையிலேயே இருந்தது. கொடியில் போடத் தோன்றவில்லை.

கண்ணு, அந்தக் கணக்கு என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது. சேகர் மாமாவை ஞாபகம் இருக்கிறதா? எங்கள் பிளான்ட்டில் பம்ப் ஆபரேட்டர். நீ டியூஷன் போன சைக்கிளுக்கு மூன்று தரம் செயின் மாற்றிக் கொடுத்தவன். என்னை அக்கா என்பான், உன்னை 'சயின்டிஸ்ட்டு' என்று கிண்டல் செய்வான். அவன் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. நீ பன்னிரண்டாவது படித்த வருடம் அவன் மாரடைப்பில் போய்விட்டான் என்று உனக்குச் சொன்னவள் நான்தான். அது பொய்.

ஷெட்டுகளிலிருந்து வரும் தண்ணீர் முதலில் ஒரு பெரிய குழிக்கு வரும். தோலிலிருந்து மயிர் எடுக்கிற சுண்ணாம்புத் தண்ணீர் ஒன்று, அப்புறம் பதனிடும்போது வருகிற அமிலத் தண்ணீர் ஒன்று. இரண்டும் கலக்கக் கூடாது. கலந்தால் அழுகிய முட்டை வாடையோடு ஒரு வாயு கிளம்பும். கலக்காமல் இருந்த நாள் எத்தனை என்று என்னைக் கேட்காதே. குழியின் அடியில் சேறு கட்டும். அந்த வாயுவைச் சேறு தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எப்போதாவது ஒரு ஏப்பம் விடும், குமிழி ஒன்று வந்து மேலே உடையும். தோல் சீவல், கந்தல் ஏதாவது பம்ப்பில் போய் மாட்டிக்கொண்டால் ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டும். இறங்குவதற்கு முன்னால் லேபிலிருந்து நான் போய், வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் விட்டு, பத்து அளவு எடுத்து, ஒரு சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பத்தைத் தாண்டினால் ஆளை இறக்கக் கூடாது. அந்தச் சீட்டு இல்லாமல் யாரும் ஏணியில் கால் வைக்க மாட்டார்கள். எங்கள் இடத்து வழக்கம் அது. நல்ல வழக்கம்தான். கெட்டது என் கையில் இருந்தது.

மேலே ஒன்று, கீழே ஒன்று, அதாவது ஆகப் பெரியதையும் ஆகச் சிறியதையும் தள்ளிவிட்டு மீதி எட்டுக்குச் சராசரி. இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. தண்ணீரில் உப்பு எவ்வளவு, கலங்கல் எவ்வளவு என்று பார்க்கும்போது என் கை நடுங்கினால், குழாய் சரியாகக் கழுவாமல் போனால், ஓர் அளவு கோணலாக வரும். அதற்காக நானே வைத்துக்கொண்ட பழக்கம். வேலை சீக்கிரம் முடியும், ரிஜிஸ்தர் பார்க்க லட்சணமாக இருக்கும், மேலே இருப்பவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள். அதையே வாயுவுக்கும் போட்டேன். தண்ணீருக்கும் வாயுவுக்கும் ஒரே கணக்கு. உனக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை. என் ரஃப் நோட்டைப் பார்த்து உன் பிராக்டிகல் நோட்டுக்கு நீயே எடுத்துக்கொண்டாய். பார்த்தும் சும்மா இருந்தேன். உண்மையைச் சொன்னால், பூரித்துப்போனேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. பத்து அளவில் ஒன்பது, ஐந்து ஆறு ஏழு என்று ஒழுங்காக வந்தது. ஏழாவது தரம் மட்டும் மீட்டர் நூற்றெண்பதுக்குப் போய், நான் கண்ணைக் கசக்கிப் பார்ப்பதற்குள் இறங்கிவிட்டது. அதற்கு முன் இரண்டு வாரமாகவே அது அவ்வப்போது அப்படிக் குதித்துக்கொண்டுதான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. "மீட்டருக்கும் வயசாய்டுச்சு, என்னாட்டம்," என்று சொல்லிவிட்டு அந்த எண்ணின் மேல் ஒரு கோடு போட்டேன். சராசரி ஆறு. சீட்டில் ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சேகர் குழி விளிம்பில் குனிந்து மோந்து பார்த்தான். "இன்னிக்கு வாடையே இல்லக்கா. காலைல கொமட்டிக்கினு வந்துச்சு," என்றான்.

"நல்லதுதான. சட்டுனு முடிச்சுட்டு வா," என்றேன்.

நான் அவனிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அந்த வாயுவைப் பற்றி ஒரு பாடம் உண்டு, கண்ணு. கொஞ்சமாக இருந்தால் மூக்கைத் துளைக்கும். அளவு மீறினால் அது முதலில் கொல்வது மூக்கைத்தான். வாடை இருக்கிறவரை ஆள் தப்பிக்க வழி இருக்கிறது. வாடை நின்றுவிட்டால் அங்கே நிற்கக் கூடாது. எனக்கு இது தெரியாமல் இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான்தான் இதைச் சொல்லிக்கொடுப்பேன். இறங்கிய சேகர் சேற்றில் கால் வைத்தான், சேறு கலங்கியது, அது வயிற்றில் வைத்திருந்ததையெல்லாம் ஒரே நேரத்தில் விட்டது. அவன் சத்தம்கூடப் போடவில்லை. ஸ்பேனர் விழுந்த சத்தம் மட்டும்தான் கேட்டது. பின்னாலேயே இறங்கப் பாய்ந்த இன்னொரு ஆபரேட்டரை நாலு பேர் பிடித்து நிறுத்தினார்கள். நான் மீட்டர் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். அது அப்போது எதைக் காட்டியது என்று நான் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு வாரமும் என் கால் மெட்டி கறுத்துக்கொண்டே வந்தது. காலையில் பளபளவென்று போவேன், சாயங்காலம் கரி பூசினது மாதிரி இருக்கும். மெட்டி கறுத்தால் புருஷனுக்கு ஆகாது என்று நம் பக்கம் சொல்வார்களே. அப்பா கண்ணில் படுவதற்கு முன்னால் தினமும் விபூதி போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்தேன். வெள்ளியைக் கறுக்க வைப்பது அந்த வாயுதான் என்று பி.எஸ்ஸி. வேதியியல் படித்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் காலைப் பார்க்கும்போது நான் வெறும் பொண்டாட்டி. இரண்டு கருவி எனக்குச் சொன்னது. ஒன்றை அடித்தேன், ஒன்றைத் தேய்த்தேன். நீ அப்பளம் கேட்பதற்கு முன்னால் அந்த இன்னொரு கருவியும் ஆடியது என்று சொன்னாயே, அப்போது எனக்கு ஞாபகம் வந்தது இந்த மெட்டிதான்.

சேகர் போன அன்று மதியம் மேனேஜர் லேபுக்கு வந்து கதவைச் சாத்தினார். "ரிஜிஸ்தர்ல இன்னா எழுதியிருக்கீங்க?" என்றார். "ஆறு," என்றேன். "அப்ப ஆறுதான். உங்க மேலயும் தப்பில்ல, பிளான்ட் மேலயும் தப்பில்ல. அவன் குடிச்சிட்டு எறங்கியிருப்பான்." நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. விசாரிக்க வந்தவர்கள் ரிஜிஸ்தரைக் கேட்டார்கள், காட்டினேன். ரஃப் நோட்டை யாரும் கேட்கவில்லை, நான் காட்டவில்லை. சேகர் குடிக்கவே மாட்டான் என்று சொல்ல முடியாது, ஞாயிற்றுக்கிழமையானால் குடிப்பான். அதனால் அந்தப் பேச்சு பசை போட்டது போல் ஒட்டிக்கொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பத்து பேர் சேர்ந்து சும்மா இருந்தால் முடிகிறது. அடுத்த வாரம் உனக்குப் பிராக்டிகல் பரீட்சை. பையன் மனசு கலங்கக் கூடாது என்று உன்னிடம் மாரடைப்பு என்றேன். பரீட்சை முடிந்த பிறகும் சொல்லவில்லையே, அதற்கு என்னிடம் சாக்கு இல்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அப்புறம் உன் முகத்தைப் பார்த்துப் பயந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் இதுவரை எழுதிவிட்டு நிறுத்தினேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து அந்த ரஃப் நோட்டை எடுத்தேன். அப்பா பார்த்துவிட்டார். அவருக்கு எல்லாம் தெரியும், அன்றைக்கே சொல்லியிருக்கிறேன். "செத்தவன் திரும்பி வரப் போறானா? ரிடையர் ஆயி நிம்மதியா உக்கார்ற நேரத்துல இன்னாத்துக்கு இத்தக் கெளர்றே?" என்றார். "உங்க புள்ள அதே கணக்கப் போடறான்," என்றேன். பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டார்.

சேகரின் மனைவி செல்வி இப்போது ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பகுதி தைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் வீட்டில் இருந்தாள். "வாங்கக்கா," என்று பாய் விரித்துத் தண்ணீர் கொடுத்தாள். தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு நோட்டைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு எழுதியதைவிடக் குறைவான வார்த்தையில் சொன்னேன். நான் கோடு போட்டு அடித்த எண்ணின் மேல் அவள் விரலை வைத்தாள்.

"இது இன்னா?"

"நூத்தி எம்பது."

"இது இருந்தா எறங்கலாமா?"

"எறங்கக் கூடாது."

"ஆனா நீங்க கையெழுத்து போட்டீங்க."

"போட்டேன்."

அவள் அழுவாள், திட்டுவாள், நோட்டை என் முகத்தில் வீசுவாள் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் செய்யவில்லை. "அன்னிக்குக் காலைல அவரு டீகூடக் குடிக்காம போனாருக்கா," என்றாள். "எல்லார்கிட்டயும் சொன்னேன். யாரும் நம்பல. ஒரு வருசம் கழிச்சு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. எங்க பொண்ணு அவரு போட்டோவ இன்னி வரைக்கும் செவுத்துல மாட்ட உடல." பிறகு அவள் பார்வை என் காலில் விழுந்தது. மெட்டி. நான் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கூனிக்குறுகி உட்கார்ந்ததில்லை.

"இந்த நோட்டு எங்கிட்டயே இருக்கட்டும்," என்றாள். "நாளைக்குத் திங்கக்கெழமை. கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க. நான் சொன்னா யாரு கேப்பாங்க? நீங்க வந்து உங்க வாயால சொல்லணும்." வர்றேன் என்றேன். அவள் மறுபடி தலை தூக்கிப் பார்க்கவில்லை. நானே எழுந்து வந்தேன். மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்பாய். கேட்கவில்லை. அது அவளுக்கு இன்னொரு வேலை வைப்பது மாதிரி இருந்தது.

நேராக வீட்டுக்கு வந்திருக்கலாம். வழியில் பிளான்ட் வாசலில் இறங்கினேன். பிளான்ட்டுக்கு ஞாயிறும் லீவு இல்லை. என் நாற்காலியில் இப்போது உட்காருகிற பெண் சின்ன வயசுக்காரி, கெட்டிக்காரி. "வாங்க மேடம், சரியான நேரத்துக்கு வந்தீங்க," என்று சிரித்தாள். வாயு மீட்டர் ஒரு வாரமாக நடுநடுவே குதிக்கிறதாம், புது மீட்டர் கேட்டிருக்கிறார்களாம். "அது வர்ற வரைக்கும் நீங்க ஒட்டி வெச்சுட்டுப் போனதுதான் மேடம். அதப் பாத்துத்தான் பண்றேன்." சுவரைப் பார்த்தேன். தண்ணீர் சோதனைக்காக எந்தக் காலத்திலோ நான் எழுதி ஒட்டிய தாள், மஞ்சள் பூத்துப்போய் அங்கேயே இருந்தது. பத்து எடு, மேலே ஒன்று கீழே ஒன்று தள்ளு, மீதியை எட்டால் வகு. சேகர் போன பிறகு வாயுவுக்கு நான் ஒருநாளும் அந்தக் கணக்கைப் போடவில்லை. ஆனால் அந்தத் தாளையும் கிழிக்கவில்லை. ஏன் கிழித்தாய் என்று யாராவது கேட்டுவிடுவார்களே.

இன்று கிழித்தேன். அவள் பயந்துபோய், "இனிமே நான் எத்த மேடம் எழுதறது?" என்றாள்.

"மீட்டர் காட்றது எல்லாத்தயும் எழுது. ஜாஸ்தியா காட்றத மொதல்ல எழுது," என்றேன். "குழியில யாராவது எறங்கறாங்களா?"

"செவ்வாக்கெழமை மேடம். பம்ப் அடைச்சுக்கிச்சு."

மேனேஜர் இப்போது வேறு ஆள். அவரை அங்கிருந்தே போனில் பிடித்து, யாரையும் இறக்க வேண்டாம் என்றேன். "பாத்துக்கறோம் மேடம், நீங்க ரெஸ்ட் எடுங்க," என்றார். அந்தக் குரலில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எங்களில் யாருக்குமே அன்றைக்கும் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம், "குழிப் பக்கம் வாடை எப்டி இருக்கு?" என்று கேட்டேன். என் மூக்கை நான் நம்ப முடியாதே. "இப்ப ரெண்டு நாளா அவ்ளோவா இல்ல மேடம்," என்றாள். அவள் கையைப் பிடித்து, கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள், நீயும் போகாதே, யாரையும் விடாதே, சீட்டில் கையெழுத்துப் போடாதே என்றேன். தலையாட்டினாள். நாளைக்குக் கொடுக்கிற மனுவில் அதைத்தான் முதல் வரியாக எழுதியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமைக்குள் யார் கண்ணிலாவது படுமா என்று தெரியவில்லை.

இனி உன் விஷயம். உன் ஒன்பது எண்ணும் நிஜம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு வானம் தெரியாது. வெயில் புகுந்ததாகவே இருக்கலாம், உன் சார் உன்னைவிட நாலு கருவி அதிகமாகப் பார்த்தவர், அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கோளாறு என்று நிரூபித்துவிட்டுத் தள்ளுவது வேறு, கிராப் சுத்தமாக வேண்டும் என்று தள்ளுவது வேறு. நீ போனில் சொன்னது இரண்டாவது. சுத்தமான கிராப்பைப் பார்த்தால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும், சாருக்குச் சந்தோஷமாக இருக்கும், படிக்கிற அத்தனை பேருக்கும் மனசு அடங்கும். எனக்கு மட்டும் அது வாடை நின்றுபோன குழி மாதிரித்தான் தெரியும். ஓர் எல்லை எப்போதாவது ஒரு தரம், ஒரு நொடி, எவ்வளவு உள்ளே வந்துவிட்டுப் போகும் என்பதைத்தானே நீ கண்டுபிடிக்கப் போயிருக்கிறாய்? அதைச் சொல்கிற எண்ணையே தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி எடுத்தால் என்ன கிடைக்கும்? ஆறு கிடைக்கும். எனக்கும் ஆறுதான் கிடைத்தது. நீ கொடுக்கிற கணக்கை நம்பி எங்கோ ஓர் அறையில் யாரோ ஒருத்தர் இன்றைக்கு ஒன்றும் வராது என்று முடிவு செய்வார். அன்று நிஜமாகவே எல்லை உள்ளே வந்தால் எது அணையும், எந்தக் கப்பலுக்கு வழி தெரியாமல் போகும், எந்த ஊருக்குப் புயல் செய்தி போய்ச் சேராது என்று உன்னால் சொல்ல முடியாது. உன் குழியில் இறங்குகிறவர்களின் பெயர் உனக்குத் தெரியாது. எனக்காவது தெரியும்.

ஒன்பதையும் அப்படியே வை. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று பக்கத்தில் எழுது. அது கேவலம் இல்லை. இன்னொரு கருவியும் ஆடியதை எழுது. கட்டாயம் அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், லேபில் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொன்ன விதி ஒன்று இருக்கிறது: ஒரே கோட்டில் அடி, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். நான் உருப்படியாகப் பின்பற்றிய விதி அது ஒன்றுதான். அதனால்தான் பதினொரு வருடம் கழித்து செல்வி அதன் மேல் விரல் வைக்க முடிந்தது.

திங்கட்கிழமை அனுப்புவதற்கு முன்னால் வழக்கம்போல என்னைக் கூப்பிட்டுக் கேட்காதே. நான் செல்வியோடு வரிசையில் நின்றுகொண்டிருப்பேன். இந்தக் காகிதமும் அங்கேதான் அவள் கைக்குப் போகும். என்னை என்ன செய்வார்கள் என்று தெரியாது, எது வந்தாலும் வரட்டும், நீ லீவு போட்டுவிட்டு ஓடிவராதே. நீ எதை அனுப்பினாய் என்றும் எனக்குச் சொல்ல வேண்டாம். ஒன்று மட்டும் செய். எங்கம்மா அப்படித்தான் பண்ணாங்க என்று இனிமேல் யாரிடமாவது சொன்னால், பண்ணி என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்.

அம்மா